வியாழக்கிழமைத் தேனீக்கள்

1

ஜெர்மனிக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. இத்தனை வருடமாக இங்கே எல்லோரும் என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். வந்த புதிதில் விசா விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? காலியாக விட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து 'ஆதிநாதன்' என்று எழுதினேன். அன்றிலிருந்து வங்கியிலும் பல் மருத்துவரிடமும் நான் திருமதி ஆதிநாதன். இதைச் சொன்னபோது அம்மா, "அப்ப நான் யாராம்?" என்று கேட்டாள். பத்மா என்ற என் சொந்தப் பெயர் பாஸ்போர்ட்டுக்குள் தூங்குகிறது.

நிஜமான ஆதிநாதன் செஞ்சி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். கீழே கடை, மாடியில் வீடு. பூர்வீகம் மேல்சித்தாமூர். நாங்கள் சமணர்கள், அதனால் பஜாரில் அவரை நயினார் என்பார்கள். நான் நைனா என்பேன். வயது எழுபத்து நான்கு. பொழுது சாய்ந்தால் வாயில் பச்சைத் தண்ணீர் படாது. கிழங்கு சேர்க்கமாட்டார். தேனைப் பற்றிப் பேச்சு வந்தால் கோபமே வரும். "ஒரு சொட்டுத் தேன் ஏழு ஊரைக் கொளுத்தின பாவம்" என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். இருமலுக்குத் தேனில் குழைத்து மருந்து கொடுத்த வைத்தியரிடம் ஒருமுறை மருந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இருமிக்கொண்டே வீட்டுக்கு வந்தவர் அவர்.

அம்மாவுக்கு அவள் பங்குக்கு ஒரு சட்டம் உண்டு. சமையல்கட்டில் 'வெட்டு', 'அறு' என்ற சொற்கள் வரக் கூடாது. கத்தரிக்காயைத் 'திருத்து' என்றுதான் சொல்லவேண்டும். கத்தரிக்காய் என்னவோ கெட்ட வழியில் போய்விட்டதுபோலவும் நாங்கள் அதை நல்வழிக்குக் கொண்டுவருவதுபோலவும் இருக்கும். பள்ளிக்கூடத்தில் தோழிகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு இன்றைக்கும் காயை வெட்டு என்று நாக்கு வராது.

போன சித்திரையில் ஒரு சனிக்கிழமை காலை நைனா கூப்பிட்டார். வழக்கமாக 'சாப்டியா' என்று தொடங்குகிறவர் அன்று நேராக விஷயத்துக்கு வந்தார்.

"பத்மா, நம்ம கட சன்ஷேட்டுக்குக் கீழ மலைத்தேனீ வந்து கூடு கட்டிக்கினு இருக்குது. மொறம் அகலம் இருக்கும். பஜார்ல எல்லாரும் கொளுத்தணும்ன்றாங்க. நான் முடியாதுன்னுட்டேன். அத்த சாவடிக்காம எப்டி அனுப்பறதுன்னு சொல்லு."

"கேட்டுச் சொல்றேன் நைனா."

"யார கேப்ப? நீதானே தேனீ படிச்சவ."

 நான் படித்தது தேனீயை அனுப்புகிற படிப்பு இல்லை.

2

என் வேலையை யாருக்கும் ஒழுங்காகச் சொல்ல வந்ததில்லை. முதல் வருடம் வெளிநாட்டினர் அலுவலகத்தில் ஒரு அம்மா, என்ன வேலை என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் "தேனீக்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன்" என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சர்க்கஸிலா?" என்று கேட்டாள். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள். சர்க்கஸ்காரர்களுக்கு வேறு படிவமாம். ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் கொண்டுபோய்க் காட்டியும் அவள் முகத்தில் சந்தேகம் போகவில்லை.

ஆனால் நான் சொன்னது பொய்யில்லை. காலையில் தேனீயைப் பிடித்துப் பனிக்கட்டியில் கொஞ்ச நேரம் வைத்தால் மயங்கும். மயங்கியதைச் சின்னக் குழாய்க்குள் தலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி நிறுத்தி, அசையாமல் இருக்க ஒரு துண்டு டேப் ஒட்டுவோம். தெளிந்து எழுந்ததும் கிராம்பு வாசனையை ஊதுவோம். அந்த வாசனை போவதற்குள் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பல்குச்சியால் அதன் உணர்கொம்பைத் தொடுவோம். நாக்கை நீட்டும், குடிக்கும். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி. இன்னும் கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி. அதற்கப்புறம் கிராம்பு வாசனை வந்தாலே போதும், சர்க்கரை இல்லாமலே நாக்கை நீட்டும். பாடம் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

இடைவெளி விடாமல் அவசரமாகத் திணித்தால் அன்றைக்கு நீட்டும், ஓரிரு நாளில் மறந்துபோகும். இடைவெளி விட்டால் நாள்கணக்கில் நினைவு நிற்கும். நீடித்து நிற்கிற நினைவுக்கு மூளையின் செல்கள் சில புரதங்களைப் புதிதாகச் செய்யவேண்டும். அதற்கு உள்ளே இருக்கும் மரபணுக்களில் சில விழித்துக்கொள்ளவேண்டும். எந்த மரபணு எப்போது விழிக்கிறது, எவ்வளவு நேரம் விழித்திருக்கிறது என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி.

மரபணு எல்லாத் தேனீக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கூட்டுக்குள் குஞ்சு வளர்க்கிற தேனீயும், வெளியே பூத் தேடி அலைகிற தேனீயும் அதே மரபணுக்களில் வேறு வேறு ஆட்களை எழுப்பி வேலை வாங்குகின்றன. குஞ்சு வளர்க்க ஆளில்லாமல் போனால், அலைகிறவற்றில் சில உள்ளே திரும்பி வந்து குஞ்சு வளர்க்கத் தொடங்கும். தூங்கப்போன மரபணுக்கள் அவற்றின் மூளையில் மறுபடி எழும். இதை ஒருமுறை அம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன். "பாத்தியா, வீட்டுக்குத் திரும்பி வரணும்னு தேனீக்கே தெரியுது" என்றாள். அதிலிருந்து வீட்டில் ஆராய்ச்சி பேசுவதை விட்டுவிட்டேன். தேனீயைப் பார்த்து மனிதர்கள் பாடம் படிக்கவேண்டும் என்று வாட்ஸப்பில் வருகிறதே, அந்த ரகம் எனக்கு ஆகாது. தேனீக்கு அதன் பாடே பெரும்பாடு.

விழித்த மரபணுவைப் பார்க்கவேண்டுமென்றால் தேனீ உயிரோடு இருந்து பிரயோஜனம் இல்லை. பாடம் ஏறிய கொஞ்ச நேரத்துக்குள், அது விழித்திருக்கும்போதே, குழாயோடு திரவ நைட்ரஜனில் போடவேண்டும். இமைக்கும் நேரத்தில் உறைந்துவிடும். மெதுவாகச் செத்தால் அந்தத் தவிப்பில் வேறு மரபணுக்கள் எழுந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும். பிறகு மூளையைத் தனியே பிரிப்போம். நன்றாகப் படித்த தேனீக்கும் படிக்காத தேனீக்கும் இதே கதிதான். ஒப்பிட இரண்டும் வேண்டும்.

எங்கள் செய்முறைத் தாளில் கொல்வது என்ற சொல் எங்கேயும் இல்லை. 'பயிற்சி முடிந்ததும் எடுக்கவும்' என்று போட்டிருக்கும். முதன்முதலாக அதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் சமையல்கட்டு ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது. அங்கே திருத்துகிறோம், இங்கே எடுக்கிறோம். நைட்ரஜன் நிரப்பிய உருளை வியாழக்கிழமைதான் வரும். அதனால் வியாழக்கிழமை எடுப்போம்.

இத்தனைக்கும் நான் இன்றுவரை தேன் சாப்பிட்டதில்லை. கிறிஸ்துமஸுக்கு ஆராய்ச்சிக்கூடத் தோட்டத்துத் தேனீப் பெட்டிகளிலிருந்து ஆளுக்கொரு தேன்பாட்டில் தருவார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைப்பேன். திண்டிவனத்துக்காரரான என் கணவருக்கு எதுவும் விலக்கில்லை. அவர் ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார். உடன் வேலை செய்கிற பெண் ஒருமுறை கேட்டாள், வியாழக்கிழமை செய்கிற வேலையைவிடத் தேன் பெரிய பாவமா என்று. நான் பதில் யோசித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

3

என் மகள் நந்தனாவுக்குப் பதினைந்து வயது. அவள் பேசுகிற தமிழைக் கேட்டால் செஞ்சியில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நாங்கள் இருக்கும் ஊரில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை நடத்துகிறவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். பிள்ளைகளும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளே. ஆறு வயதில் சேர்த்தேன். என்னிடமிருந்து 'இன்னா' தொற்றும் என்று எதிர்பார்த்தேன், 'ஆமா'வுக்குப் பதில் 'ஓம்' வந்தது. அம்மாவின் அப்பாவை அம்மப்பா என்று கூப்பிட அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். நைனாவுக்கு அது இன்றுவரை பிடிபடவில்லை. "அம்மாவா அப்பாவா, ஏதாவது ஒண்ணு சொல்லு கண்ணு" என்பார்.

சென்ற வருடம் அவள் பால், தயிர், நெய் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தானாம். ஒரு நாள் அலமாரியிலிருந்த தேன்பாட்டில்களை எடுத்துக் கீழ்வீட்டுக் கிழவருக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். "தேன் தேனீயின்ரை சாப்பாடு. அதைப் பறிக்கிறது களவு" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிள்ளைகள் கைவிட்டுப் போகிறார்கள் என்று இங்கே எங்கள் ஆட்கள் கூடும் இடமெல்லாம் ஒரே புலம்பல். என் பிள்ளையும் போனாள். சுற்றிப் போய் மேல்சித்தாமூரில் நிற்கிறாள். ஆனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "நீங்கள் ஆய்வுகூடத்தில செய்யிறது மட்டும் சரியோ?" என்று கேட்டாள். அதற்கப்புறம் அவள் என் கூடத்துக்கு வருவதில்லை.

நைனா கூப்பிட்டதற்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, நான் மறுபடி பேசினேன். அதற்குள் இரவெல்லாம் படித்து, தெற்காசியத் தேனீக்களைப் பற்றித் தெரிந்த ஒரு நண்பரையும் கேட்டு வைத்திருந்தேன். நைனா போனை ஸ்பீக்கரில் போட்டுக் கடைக்கு எதிரே தெருவில் நின்றுகொண்டார். ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது. என் பக்கத்தில் நந்தனா வெள்ளரிக்காய் திருத்திக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா பத்மா, நான் சேகர் பேசறேன். பக்கத்து டீக்கட. நல்லா கீறியா?"

"நல்லாருக்கேண்ணா. யாருக்கோ கொட்டிடுச்சாமே?"

"கடைக்கு வந்தவரு ஒருத்தரு ஆஸ்பத்திரி போயி ஊசி போட்டுக்கினு வந்தாரு. அடுத்த வாரம் அம்மன் ஊர்வலம் இப்டித்தான் வருது. மேளம், வெடி எல்லாம் இருக்குது. கொள்ளி வச்சா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிரும். உங்கப்பா ஒத்தக்கால்ல நிக்கிறாரு. நீ படிச்ச பொண்ணு, நீ சொல்லு."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கல் எறியவோ புகை போடவோ கூடாது. ராத்திரியில் அந்தப் பக்கம் டியூப்லைட் எரியக் கூடாது, வெளிச்சத்துக்குப் பறந்துவரும். கீழே நின்று வெடி வெடிக்கக் கூடாது. பூக்கள் ஓய்ந்தால் கூட்டத்தோடு தானே கிளம்பிவிடும், ஓரிடத்தில் நிரந்தரமாகத் தங்குகிற ஜாதி இல்லை அது.

"எப்ப கெளம்பும்?"

"தேதி சொல்ல முடியாதுண்ணா."

"இம்மாம் படிச்சிட்டு தேதி சொல்ல முடியலன்னா இன்னாம்மா படிப்பு?" என்றார் சேகர். நாலு பேர் சிரித்தார்கள். பிறகு அவரே கேட்டார், "ஆமா, உங்க ஆபீஸ்ல நெறைய தேனீ இருக்குமே. வேல முடிஞ்சா அதுங்கள இன்னா பண்ணுவீங்க? தொறந்து உட்டுருவீங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் நைனா சொன்னார், "எம் பொண்ணு ஈ எறும்புக்குக்கூட கெடுதல் நெனைக்காது சேகரு."

"இல்ல, தெரிஞ்சிக்கத்தான் கேட்டேன்."

"வேலை முடிஞ்சா எடுத்துடுவோம்ணா" என்றேன்.

"எடுத்துருவீங்கன்னா?"

எனக்கு அடுத்த சொல் வரவில்லை. வெள்ளரிக்காயைத் திருத்திக்கொண்டிருந்தவள் என்னையும் திருத்தினாள்.

"கொல்லுறது" என்றாள் நந்தனா, போன் பக்கம் குனிந்து. "அம்மா தேனீயளைக் கொல்லுறவா, அம்மப்பா. ஒவ்வொரு வியாழனும்."

அவள் குரலில் கோபமோ குத்தலோ இல்லை. கடையில் என் ஜெர்மன் தடுமாறும்போது எடுத்துக் கொடுப்பாளே, அதே குரல்.  தெருவில் சேகரின் சிரிப்பு கேட்டது.

"நயினாரே, ஒன் பொண்ணே கொல்லுதாமே. நீ இன்னாத்துக்கு இங்க மல்லுக்கு நிக்கிற?"

 ஸ்கூட்டர் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.  முப்பது நாற்பது வருடமாக அந்தப் பஜாரில் தலை நிமிர்ந்து நடந்த மனிதரை நடுத்தெருவில் வைத்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கவிழ்த்துவிட்டோம் என்றிருந்தது.

"அது அவ வினை" என்றார் நைனா. "இது என் செவுரு. கொள்ளி வைக்கறதா இருந்தா என்னத் தாண்டி வையி."

அதோடு போன் நின்றுவிட்டது.

4

அன்று நந்தனாவோடு பெரிய சண்டை. தமிழில் தொடங்கி ஜெர்மனில் முடிந்தது; இப்போதெல்லாம் எங்கள் சண்டைகள் அப்படித்தான். எனக்கு ஜெர்மனில் திட்டவராது, அதனால் அவள்தான் ஜெயிப்பாள்.

"நான் பொய்யே சொன்னனான்?" என்று கேட்டாள். "தமிழில சொல் தெரியாட்டிக் கேள் எண்டு நீங்கள்தானே சொல்லுவீங்கள். உங்களுக்கு அந்தச் சொல் தெரியேல்லை. எனக்குத் தெரிஞ்சுது."

"தாத்தா முன்னாடி சொல்ற சொல்லா அது?"

"அவருக்கு முன்னால சொல்லக் கூடாத வேலையை ஏன் செய்யிறீங்கள்?"

நான் எழுந்து நடக்கப் போனேன். ஆற்றங்கரையில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தும் காலுக்கு உட்காரத் தோன்றவில்லை.

செஞ்சியில் என்ன நடந்தது என்பதை அம்மாதான் தவணைமுறையில் சொன்னாள். நைனா கடையின் முன்பக்க ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுப் பின்சந்து வழியாக வியாபாரம் பார்த்தார். யார் சந்துக்குள் வந்து குக்கர் வாங்குவார்கள்? திருவிழாக் கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கு நடையாய் நடந்தார். அவர்கள் தெருவை மாற்ற ஒத்துக்கொள்ளவில்லை. அம்மன் போகிற வழியை ஒரு நயினாருக்காக மாற்றுவதா என்று கேட்டார்களாம். அது நியாயம்தான். ஆனால் ஊர்வல நாளன்று பஜார் முனை வந்ததும் மேளத்தை நிறுத்தினார்கள். ஒரு வெடி வெடிக்கவில்லை. பேசாமல் கடையைத் தாண்டிப் போய், பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பிய பிறகு மறுபடி அடிக்கத் தொடங்கினார்கள். சேகர் தன் கடை டியூப்லைட்டை அணைத்துவிட்டு மெழுகுவர்த்தியில் டீ ஆற்றினாராம்.

"அம்மனே பூனமாரி போச்சுடி" என்றாள் அம்மா.

அப்புறம் ஒரு நாள் விடிந்து பார்த்தபோது தேனீக்கள் இல்லை. வெறும் தேனடை வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நைனா ஷட்டரைத் திறந்தார். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நான் நினைத்தேன்.

எனக்கு மட்டும் நிம்மதியில்லை. அவர் அதைப் பற்றி ஏதாவது கேட்பார், திட்டுவார் என்று ஒவ்வொரு வாரமும் காத்திருந்தேன். மழை பெய்ததா, மாப்பிள்ளை சௌக்கியமா, பித்தளை விலை ஏறிவிட்டது, இவ்வளவுதான் பேச்சு. ஒரே ஒரு தடவை, போனை வைக்கிற நேரத்தில், "பேத்தி வியாழக்கிழமைன்னு சொல்லுச்சே, அது நெசமா?" என்று கேட்டார்.

"ஆமா நைனா. அன்னிக்கு மட்டுந்தான்."

"சரி" என்றார். சரக்கு எப்போது வரும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டவர் மாதிரிதான் இருந்தது அந்த 'சரி'.

5

ஐப்பசி மாதம் அம்மா கூப்பிட்டாள். போன வாரம் ஒரு நாள் கடையில் நைனா தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாராம். சேகர் ஓடிவந்து தூக்கி, முகத்தில் தண்ணீர் தெளித்து, டீ கொடுத்திருக்கிறார். நைனா குடிக்கவில்லை.

"அன்னிக்கு பிரஷர் மாத்திரை போட்டாரா?" என்றேன்.

"வெறும் வயித்துல எப்டிடி போடுவாரு? வியாழக்கெழமன்னா அவருதான் ஒண்ணியும் சாப்புடறது இல்லியே."

"ஏன்?"

அம்மா முதலில் பேச்சை மாற்றப் பார்த்தாள். பிறகு, "ஒனக்குச் சொல்லக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்காரு" என்றாள். "சித்திரையில இருந்து அப்டித்தான். காலைல எழுந்து குளிச்சிட்டு உபவாசம்னு உக்காந்துருவாரு. மறுநாள் பொழுது விடிஞ்சாத்தான் கஞ்சி."

அம்மா கூப்பிட்டது ஒரு புதன்கிழமை மாலை. மறுநாள் நான் வேலைக்குப் போனேன். போகாமல் இருக்கலாமா என்று யோசித்தேன். இருபது குழாய்த் தேனீ பயிற்சிக்குத் தயாராக இருந்தது, உடன் வேலை செய்கிறவள் லீவில் இருந்தாள், போனேன். கிராம்பு ஊதினேன், சர்க்கரை கொடுத்தேன். அன்றைக்கு அவை நன்றாகப் படித்தன. எடுத்தேன். பெட்டியில் அடுக்கி மேலே பெயர் எழுதி உறைபெட்டியைத் திறந்தேன். எங்கள் கூடத்தில் பெட்டியின் மேல் குடும்பப் பெயரை எழுதவேண்டும் என்பது விதி. வரிசையாக என் கையெழுத்தில் ஆதிநாதன், ஆதிநாதன், ஆதிநாதன். எங்கள் முதல் தீர்த்தங்கரருக்கும் அதுதான் பெயர். எத்தனையோ வருடம் அந்தக் கதவைத் திறந்து மூடியிருக்கிறேன், அதைப் படித்ததில்லை. கதவை மூடிவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

வெள்ளிக்கிழமை காலை, அவர் கஞ்சி குடித்திருப்பார் என்று தெரிந்த பிறகு, கூப்பிட்டேன்.

"நைனா, இன்னா பண்றீங்க நீங்க? இந்த வயசுல இது தேவையா?"

"உங்கம்மா சொல்லிட்டாளா?" என்றார். "அவளால ஒரு சேதிய வயித்துல வச்சிக்க முடியாது."

"என் வேலைக்கு நீங்க ஏன் பட்டினி கெடக்கணும்? புடிக்கலன்னா என்னை நிறுத்தச் சொல்லுங்க."

"நான் எப்ப ஒன்ன நிறுத்தச் சொன்னேன்? அது ஒன் பொழப்பு. படிச்சிருக்க. ஏதோ மருந்துக்கு கிருந்துக்கு ஆவும்னுதானே பண்றீங்க. அங்க ஒனக்கு லீவு குடுக்க மாட்டாங்க. எனக்கு இங்க வியாழக்கெழம யாவாரம் கம்மி. நான் இருந்துக்கறேன்."

எனக்குக் கோபம் வந்தது. சின்ன வயதிலிருந்து அவர் சொல்லிக்கொடுத்ததையே எடுத்து அவர்மேல் வீசினேன்.

"ஒருத்தர் வினைய இன்னொருத்தர் கழிக்க முடியாதுன்னு நீங்கதானே சொல்வீங்க? பெத்தவங்க ஆனாலும் முடியாதுன்னு?"

"ஆமா. கழியாது."

"அப்ப எதுக்கு இது?"

"கழியாதுதான் பத்மா" என்றார். "அதுக்குன்னு புள்ளைய தனியா உட்டுட முடியுமா?"

6

எங்கள் ஆராய்ச்சியை நடத்துகிற பேராசிரியையிடம் போய் வேறு வேலை கேட்டேன். கூட்டுக்குள் கேமரா வைத்துத் தேனீக்களைப் பார்க்கிற குழு ஒன்று இருக்கிறது. அங்கே யாரையும் எடுப்பதில்லை, பார்ப்பதோடு சரி. காரணம் கேட்டாள். சமயம் என்று சொன்னால் படிவம் நீட்டுவார்கள் என்று பயந்து, கை நடுங்குகிறது என்றேன். ஒப்பந்தம் அடுத்த கோடையில் முடிகிறது, அப்போது பார்க்கலாம் என்றாள். நல்லவள்தான். ஆனால் ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறவர்களுக்கு முடிவுகள் போய்ச்சேரவேண்டும்.

அதுவரைக்கும் வியாழக்கிழமைகள் வந்துகொண்டே இருக்கும். வாரம் பிறந்தாலே எனக்கு அந்த நினைப்புத்தான். புதன்கிழமை ராத்திரி தூக்கம் வருவதில்லை. வியாழன் மதியம் எல்லோரோடும் கேன்டீனில் உட்காருவேன், தட்டைப் பார்ப்பேன், செஞ்சியில் இப்போது சாயங்காலம், அவர் இன்னும் பட்டினி என்று மனம் சொல்லும், எழுந்துவிடுவேன். தேனீ ஒன்றைக் குழாயில் நிறுத்தும்போது முன்பெல்லாம் அது நாக்கை நீட்டுமா என்று பார்ப்பேன். இப்போது நீட்டாமல் இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது. நீட்டினாலும் நீட்டாவிட்டாலும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் தோன்றுகிறது. வேலையில் கவனம் சிதறி ஒரு தட்டுக் குழாய்களைக் கொட்டிக்கூட விட்டேன்.

நந்தனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தேன். அவள் கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதாளா என்று தெரியவில்லை. மறுநாள் காலை, "அம்மப்பாவுக்கு ஏதும் நடந்தால் அது என்னால்தானே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் நம்பவில்லை.  பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நைனாவைக் கூப்பிட்டேன். என்ன சொல்லவேண்டும் என்று நாலு நாளாகப் பாத்ரூமில் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். நந்தனா எதிரே உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"சாப்டியா?" என்றார்.

"சாப்ட்டேன் நைனா. ஒரு நல்ல சேதி. அந்த வேலைய மாத்திட்டாங்க. இனிமே எனக்கு வியாழக்கிழமை அது இல்ல."

நந்தனா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பேனாவின் மூடியைப் போட்டுக் கழற்றினாள். இந்த முறை அவள் என்னைத் திருத்தவில்லை.

"அப்டியா" என்றார் நைனா. "நல்லதாப் போச்சு."

"ஆமா. அதனால நீங்க இனிமே ஒழுங்கா சாப்புடுங்க. மாத்திரை போடுங்க."

"போடறேன், போடறேன்."

கடையில் யாரோ அண்டா விலை கேட்டார்கள். அவர் பதில் சொல்லிவிட்டு மறுபடி போனுக்கு வந்தார்.

"சரி பத்மா" என்றார். "இப்ப எந்தக் கெழமைக்கு மாத்திக்கினாங்க?"

நான் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.